சீனி, மிளகு, புட்டு

மார்ச் 3, திங்கள்

சீனி செத்துவிட்டது.

காலையில் ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே கினி பிக்குகள் மூன்றும் வீக் வீக் என்று கத்தும். இன்று இரண்டு குரல்தான் வந்தது. கூண்டைப் போய்ப் பார்த்தால், சீனி வைக்கோலுக்குள் மூக்கைப் புதைத்து விறைத்துக் கிடந்தது. மிளகும் புட்டுவும் அதன் இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

தங்கை நவமணியை எழுப்பினேன். வந்து பார்த்து, "ஐயோ, பாவம்" என்றாள். அழவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் உப்பு செத்தபோது நாள் முழுக்க அழுதவள். இன்று எட்டரை மணிக்குத் தலை பின்னி, பவுடர் போட்டு, ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்விட்டாள். கொய்யா மரத்தடியில் குழி வெட்டியது நான்தான்.

இந்தக் கினி பிக்குகள் வீட்டுக்கு வந்து ஐந்தரை வருடம் ஆகிறது. நவமணி எழுத்தராக இருக்கும் கல்லூரியில் யாரோ ஒரு பேராசிரியர் மாற்றலாகிப் போகும்போது அட்டைப்பெட்டியோடு கொடுத்துவிட்டார். எலியா முயலா என்று சொல்ல முடியாத நான்கு உருண்டைகள். நான்கும் பெண். உப்பு, சீனி, மிளகு, புட்டு என்று பெயர் வைத்தது அவள். வேண்டவே வேண்டாம் என்று சொன்னது நான். இப்போது புல் பறிப்பதும் கூண்டு கழுவுவதும் நகம் வெட்டுவதும் நான். ஓய்வு பெற்ற தமிழாசிரியைக்கு வேறு என்ன வேலை என்பது அவள் எண்ணம்.

நேற்று சாயங்காலம் சீனிக்குக் குடைமிளகாய் கொடுத்தது நவமணி. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 5, புதன்

லெந்து நாட்கள், தவக்காலம் ஆரம்பம். கோயிலிலிருந்து திரும்பி வரும்போது நவமணி சொன்னாள்: "அக்கா, இருக்குத ரெண்டையும் யாருக்காவது குடுத்துருவோமா?"

"என்னத்துக்கு?"

"ரெண்டுக்கும் வயசாயிட்டு. ஒண்ணு போச்சின்னா இன்னொண்ணு தனியாக் கெடந்து ஏங்கிச் செத்துரும். ரெண்டும் இருக்கும்போதே, கூட்டாளி இருக்குத இடமாப் பாத்து விட்டுட்டா நல்லது."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. சீனி செத்து முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை. இவ்வளவு தெளிவான பேச்சு இரண்டு நாளில் தயாராகாது.

மார்ச் 8, சனி

மிளகுக்கு முன்பல் நீண்டிருந்தது. கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் சின்னப் பெண்தான், பெயர் அருள்மொழி. பல்லை வெட்டிவிட்டு, "இதுக தனியா இருக்கக் கூடாதுங்க மேடம். ஒண்ணு மட்டும் மிஞ்சினா சாப்பாட்டை விட்டுரும். இப்பவே யோசிச்சு வைங்க" என்றார்.

"நவமணி உங்ககிட்டப் பேசினாளா?" என்று கேட்டேன்.

"யாருங்க அது?" என்றார்.

உண்மையாகவே தெரியாதது மாதிரித்தான் முகம் இருந்தது. முப்பத்தைந்து வருடம் பரீட்சை ஹாலில் முகங்களைப் பார்த்தவள் நான். இருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிறேன் என்று போனவள் நாற்பது நிமிடம் கழித்து வந்தாள். கொடியில் இருந்தது இரண்டு துண்டும் ஒரு பாவாடையும்.

மார்ச் 16, ஞாயிறு

ஆள் கிடைத்துவிட்டதாம். நாசரேத்தில் ஒருவர்.

"யாரு?"

"தெரிஞ்சவங்கதான். அவங்க வீட்லயும் ஒண்ணு தனியா இருக்கு. அதுவும் வயசானதுதான்."

"பேரு?"

"வைக்கோல் தீந்துபோச்சி பாரு" என்று எழுந்து போனாள்.

குட்டியாக இருந்தால் குழந்தைகளுக்கென்று வாங்குவார்கள். கிழட்டுக் கினி பிக்கை யார் கேட்டு வாங்குவார்கள்? பாம்பு வளர்க்கிறவர்கள் வாங்குவார்கள். ஆராய்ச்சிக்கூடத்துக்கு வாங்குவார்கள். இதைச் சொன்னேன். நவமணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. அந்தச் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மார்ச் 19, புதன்

ஜங்ஷன் பக்கம் ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் இரண்டு மாதக் குட்டி ஒன்று பார்த்து வைத்துவிட்டு வந்தேன். அது வந்தால் மிளகுக்கும் புட்டுவுக்கும் துணை. யாரையும் எங்கும் அனுப்ப வேண்டாம்.

நவமணி கேட்டுக்கொண்டே தோசை ஊற்றினாள். "சரி. இது ரெண்டும் போன பிறகு அந்தக் குட்டி தனியா இருக்கும். அதுக்கு என்ன செய்வ?"

"இன்னொண்ணு வாங்குவோம்."

"அதுக்குப் பிறகு?"

"இன்னொண்ணு."

"எதுவரைக்கும் அக்கா? உனக்கு அறுவது, எனக்கு அம்பத்து மூணு. ஒண்ணுக்குத் துணை, ஒண்ணுக்குத் துணைன்னு நாம ரெண்டு பேரும் இந்தக் கூண்டுகிட்டயே உக்காந்திருக்கணுமா?"

"உக்காந்தா என்ன?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். 

மார்ச் 24, திங்கள்

தையல்கார எலிசா வழியில் நிறுத்தி, "தங்கச்சி பிளவுஸ் மூணும் ரெடின்னு சொல்லிருங்க டீச்சர்" என்றாள். மூன்று. எல்லாம் பட்டு. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒன்றுதான் தைப்பாள்.

இனி எனக்குச் சந்தேகமே இல்லை. யாரோ ஒருவன் இருக்கிறான். இந்த வயதில். கினி பிக்கை அனுப்புகிறேன் என்பதெல்லாம் வழியைக் காலி செய்வதற்கு. பிராணிகளை ஒரு இடத்தில் சேர்த்துவிட்டால், பிறகு வீட்டில் மிஞ்சுவது ஒரு ஆள்தான். அந்த ஆளை எங்கே சேர்ப்பாள்?

அவளுக்கு இருபத்தேழு வயதில் நாசரேத்தில் இருந்தே ஒரு சம்பந்தம் வந்தது. தனசிங் என்று பையன். கூடி வரவில்லை. தேவ சித்தம். இப்போது அதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஞாபகம் வந்தது.

மார்ச் 28, வெள்ளி

அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். கூண்டு கழுவுவது யார், புல் பறிப்பது யார்? பிராணிகள் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு. 'நாசரேத் வீடு' என்று ஒரு எண் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை பேசியிருக்கிறாள். எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 29, சனி

அந்த எண்ணுக்குப் பேசினேன். இன்று வேறு எதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

நாட்குறிப்பு என்றால் நடந்ததை நடந்தபடி எழுதுவது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஐந்து நாளாக நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

வீட்டுப் போனில் பேசவில்லை. பழைய மாணவி ஒருத்தி வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அவள் போனை வாங்கிப் பேசினேன். எடுத்தது ஒரு ஆண்.

"நீங்க பாளையங்கோட்டைல இருந்து ரெண்டு கினி பிக் வாங்கப் போறதாக் கேள்விப்பட்டேன். ஒரு நலம்விரும்பி பேசுதேன். அதுக ரெண்டுக்கும் தோல்ல படை வந்திருக்கு. மனுசருக்கும் ஒட்டும். வாங்காதீங்க."

 அந்தப் பக்கம் எங்கோ ஒரு கோழி கத்திக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது:

"போன தடவ வலிப்பு. இந்தத் தடவ படையா, ஹெலன் டீச்சர்?"

போனை வைத்திருக்கலாம். கை வரவில்லை.

"நான் தனசிங் பேசுதேன். அந்த மொட்டைக் கடிதாசி வந்தப்பவே எனக்குச் சந்தேகந்தான். ஒரு சந்திப்பிழை கிடையாது. எழுதினவங்க தமிழ் டீச்சராத்தான் இருக்கணும்னு தோணிச்சி. அதுலயும் அடியில நலம்விரும்பின்னுதான் போட்டிருந்தீங்க."

"அப்போ ஏன் நம்புனீங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

"எங்கப்பா நம்புனாரு. நான் அப்பாவ எதுத்துப் பேசல. அந்தப் பாதி என் தப்பு. மறு பாதி உங்களோடது. அத நான் இதுவரைக்கும் நவமணிகிட்டச் சொல்லல. நீங்கதான் சொல்லணும். சொல்லுவீங்களோ, மாட்டீங்களோ."

அவர் மனைவி இறந்து ஆறு வருடம். மகள் பெங்களூரில். மகள் விட்டுப்போன கினி பிக்குகளில் ஒன்று மட்டும் மிஞ்சி இருக்கிறது. அதற்கு வயதான துணை கிடைக்குமா என்று வளர்ப்பவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறார். பதில் போட்டது 'நவமணி, பாளையங்கோட்டை'. கடந்த தீபாவளிச் சமயம். இவ்வளவையும் அவரே சொன்னார். நான் கேட்கவில்லை.

1999. அம்மா பக்கவாதத்தில் விழுந்த வருடம். எனக்கு முப்பத்துநாலு. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் நின்றுபோய் நாளாகியிருந்தது. நவமணியும் போய்விட்டால் அந்த வீட்டில் அம்மாவும் நானும்தான். கடிதம் நான்கு வரி. அதற்கு மேல் எழுதவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

அவர் அவளிடம் சொல்லிவிட்டாரா என்று அவள் முகத்தையே பார்க்கிறேன். காபியை வைக்கிற விதத்தைப் பார்க்கிறேன். "என்னக்கா அப்படிப் பாக்குத?" என்கிறாள். சொல்லவில்லை போலிருக்கிறது. அல்லது சொல்லியும் இவள் நடிக்கிறாள்.

ஏப்ரல் 12, சனி

வெயில் தாங்கவில்லை. கூண்டின் மேல் ஈரச்சாக்கு போட்டு, தண்ணீர் பாட்டிலை உறையவைத்து உள்ளே வைத்திருந்தேன். புட்டு அதில் சாய்ந்து கிடந்தது. மிளகு எழுந்து வரவே இல்லை. மத்தியானம் என் மடியிலேயே இரண்டு முறை கால் உதறிவிட்டு அடங்கிவிட்டது.

நவமணி இந்த முறை அழுதாள். "நான் மார்ச்சுலயே சொன்னேம்லா" என்றாள். நாசரேத்துக்காரர் போன வாரமே வண்டி கொண்டுவருவதாக இருந்தாராம். பிறகு ஏனோ, "உங்க அக்கா மனசு வச்சுக் குடுக்கட்டும், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டாராம்.

ஏன் என்று எனக்குத் தெரியும். போன வாரமே நாசரேத்துக்குப் போயிருந்தால் மிளகு பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். அது ஒன்றும் கொடைக்கானல் இல்லை, அங்கேயும் இதே வெயில்தான். ஆனால் அப்படி ஒரு எண்ணம் வந்தது, எழுதுகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புட்டு எதையும் தொடவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினேன். சத்தமே போடவில்லை. மிளகு படுக்கிற மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அருகம்புல்லை வாயருகில் கொண்டுபோனால் முகத்தைத் திருப்புகிறது. கூண்டுக்குள் கையை விட்டு வைத்தேன். வந்து என் உள்ளங்கையில் பக்கவாட்டில் ஒட்டி உட்கார்ந்தது. கை மரத்துப்போகும்வரை எடுக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நவமணி புட்டுவுக்காகக் கொய்யாப்பழத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, தனசிங் வீட்டுக்கு லெட்டர் போட்டது நான்தான்" என்றேன்.

நாசரேத்துக்காரர் தனசிங்தான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றுதான் முதலில் பார்த்தாள். "எந்த லெட்டர்?"

சொன்னேன். போன மாதம் போனில் சொன்ன படையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வலிப்புன்னா எழுதுன?"

"ஆமா."

கொய்யாத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். பிறகு என்னிடம் பேசுகிற மாதிரி இல்லாமல் பேசினாள்.

"கன்வென்ஷன் பந்தல்ல ஒரு தடவ வெயில்ல எனக்குத் தல சுத்திச்சி. தண்ணி கேட்டேன். கிருபை அத்தை ஓடி வந்து கையில சாவிக்கொத்த வச்சி அழுத்துனா. எதுக்குன்னே எனக்குத் தெரியல. அதுக்குப் பிறகு கல்யாண வீடு, அடக்கம், எங்க போனாலும் ஒரு பொம்பளை சாவியோட வந்து பக்கத்துல உக்காருவா. நான் பைத்தியக்காரி மாதிரி சிரிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

"ஏட்டி..."

"அதுக்கப்புறம் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் நம்ம வாசல் ஏறல. நான் கருப்புல்லா, அதான்னு நெனச்சிக்கிட்டேன். இருவத்தாறு வருசம் கண்ணாடி பாக்கும்போதெல்லாம் அதான் நெனச்சேன்."

எழுந்தாள். கொய்யாவைக் கூண்டுக்குள் வைத்தாள். கை கழுவினாள். ஸ்கூட்டி சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் இரண்டு பேர் உட்காருகிற இடம் இருந்தது. யாரும் உட்காரவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு, ஈஸ்டர்

ஐந்து நாளுக்குப் பிறகு பேசினாள். "இருவத்தேழாம் தேதி கோயில்ல கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிப்பாங்க. மே பதினஞ்சு நாசரேத்துல கல்யாணம். வந்தா வா."

"புட்டு?"

"போகும்போது எடுத்துட்டுப் போறேன்." சற்றுப் பொறுத்து, "இல்ல, உனக்குத் துணைக்கு வேணும்னா வச்சிக்கோ" என்றாள்.

நல்ல எண்ணத்தில் சொன்னாளா, குத்திச் சொன்னாளா? மூன்று மணி நேரமாக யோசிக்கிறேன். தெரியவில்லை.

ஏப்ரல் 23, புதன்

வைத்துக்கொள்ளலாம். அவளே சொல்லிவிட்டாள். ஜங்ஷன் கடையில் அந்தக் குட்டி இன்னும் இருக்கிறது, விசாரித்தேன்.

டாக்டர் அருள்மொழி எடை பார்த்தார். பத்து நாளில் நூற்று நாற்பது கிராம் குறைந்திருக்கிறது. "இந்த வயசுல சின்னக் குட்டியை விட்டா அது மேல ஏறி மிதிச்சு ஒரு வழி பண்ணிரும் மேடம். இதுக்குச் சமவயசுதான் சரி. மே வரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்து கையை விட்டேன். புட்டு வந்து ஒட்டிக்கொண்டது. அதன் நெஞ்சு என் மணிக்கட்டில் படபடவென்று அடித்தது. இது என் மேல் உள்ள பிரியமா, வேறு யாரும் இல்லாததாலா? இந்தக் கேள்வியை நான் இதற்கு முன் யாரைப் பற்றியும் கேட்டுக்கொண்டதில்லை.

ஏப்ரல் 26, சனி

நாசரேத்துக்கு நானே கொண்டுபோனேன். நவமணியிடம் சொல்லவில்லை. முதல் பஸ். மூங்கில் கூடையில் ஈரத்துணி விரித்து, மேலே வலை கட்டியிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள், "கோழிக்குஞ்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

குறை கண்டுபிடிக்கவேண்டும் என்றே போனேன். கூண்டில் வெயில் படுகிறதா, பூனை வருமா, தண்ணீர் பழையதா என்று பார்த்தேன். வேப்பமர நிழலில் கூண்டு. தரையில் செங்கல் பாவியிருந்தது. இரட்டை வலை. தனசிங் என் பின்னாலேயே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். அதைத்தவிர ஒன்றும் அகப்படவில்லை.

அவருடைய கினி பிக்குக்கு மக்ரூன் என்று பெயர். புட்டுவைப் பக்கத்தில் விட்டதும் அது பல்லை நறநறவென்று கடித்தது. புட்டு பின்வாங்கி மூலைக்குப் போனது. நான் கூடையைக் கையில் எடுத்துவிட்டேன்.

"பொறுங்க" என்றார் அவர். "ரெண்டும் கெழவிக. உடனே சேராது."

இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தோம். கடிதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது எடுப்பார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். பதினொன்றரை மணிக்கு மக்ரூன் மெல்ல வந்து புட்டுவின் காதை முகர்ந்தது. புட்டு அசையவில்லை. பிறகு இரண்டும் ஒரே புல்கட்டை இரண்டு பக்கமிருந்து தின்றன. பன்னிரண்டு நாளில் புட்டு தானாக வாய் வைத்தது அதுதான் முதல் முறை.

அவர் முன்னால் அழக்கூடாது என்று எழுந்துவிட்டேன்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன், மைனி" என்றார். டீச்சர் என்று இல்லை, மதினி என்று. கட்டிக்கப்போகிறவளின் அக்கா என்ற முறை. வேண்டாம் என்றேன். வந்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஓலை வாசித்தார்கள். "இந்த இருவரும் இணைவதற்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று போதகர் ஐயர் சொன்னபோது நவமணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கிருபை அத்தை மகள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவளிடம் போய், "நவமணிக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்ல. அப்படிச் சொன்னது நான். பொய்யாச் சொன்னேன்" என்றேன். கூட நின்ற நாலைந்து பேரும் கேட்டார்கள். இனி ஊருக்கெல்லாம் தெரியும். நவமணி கேட்டாளா என்று தெரியவில்லை. ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

மே 15, வியாழன்

கல்யாணம் நடந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பச்சைப் பட்டு அவளுக்கு நன்றாக இருந்தது.

மே 24, சனி

சாயங்காலம் ஐந்தரைக்கு நவமணி போன் செய்தாள். "புட்டு நல்லா சாப்பிடுது. எடை கூடியிருக்கு." சரி என்றேன். வைத்துவிட்டாள்.

ஜூன் 7, சனி

ஐந்தரைக்குப் போன். புட்டுவும் மக்ரூனும் ஒரே ஓட்டுக்கு அடியில் படுக்கின்றனவாம். சரி என்றேன். போன வாரமும் இவ்வளவுதான். புட்டுவைப் பற்றி மட்டும். என்னைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 12, சனி

புட்டு வியாழக்கிழமை செத்துவிட்டதாம். தூக்கத்திலேயே. மக்ரூன் பக்கத்தில் இருந்திருக்கிறது. "கஷ்டப்படல" என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். பிறகு அவள் வைத்துவிட்டாள்.

காலிக் கூண்டை வெயிலில் காயப்போட்டேன்.

ஜூலை 19, சனி

இனி அவள் போன் செய்ய வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

காலையிலிருந்து ஒரு சந்தேகம். புட்டு உண்மையிலேயே போன வாரம்தான் செத்ததா? அதற்கு முன்பே செத்திருந்து, எனக்குப் போன் செய்ய ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காக இவள் சொல்லாமல் இருந்திருப்பாளோ? இத்தனை நாளாக எத்தனையோ சந்தேகப்பட்டிருக்கிறேன். இந்த ஒரு சந்தேகம் நிஜமாக இருந்தால் நன்றாயிருக்கும்.

ஐந்து மணிக்குப் போனை மேசைமேல் வைத்தேன். ஐந்தரை ஆனது. ஐந்தே முக்காலுக்கு, அரிசி களையலாம் என்று எழுந்தேன். அப்போது அடித்தது.

"என்ன விஷயம்?" என்றேன். பழக்கம், முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"ஒரு விஷயமும் இல்லக்கா" என்றாள் நவமணி. "சும்மாதான். என்ன சாப்ட்ட?"